துரைக்கு முடி இறக்கினார்கள்

மோட்டார் கொட்டகையின் நிழலில் மஞ்சளாக ஏதோ நின்றுகொண்டிருந்தது. பிறந்து சில நாளான கன்று என்று நினைத்தேன். கிட்டே போகப் போகச் சந்தனம் மணத்தது.

நாய். தலையிலிருந்து வால் நுனி வரை வழித்து எடுத்து, உடம்பெல்லாம் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. வாலையும் விட்டுவைக்கவில்லை. மழித்த வால் ஆடுவது, யாரோ ஒற்றை விரலை நீட்டி 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்வதுபோல இருந்தது.

"துரையா இது?" என்றேன்.

"துரைதான் சார்." ஏழுமலை தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "முடி எறக்கிட்டோம்."

சித்திரை மாதக் காலை. கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி ஏழுமலையின் ரெண்டு ஏக்கர். பிடுங்கிக் குவித்த கடலைச் செடிகளின் பச்சை வாடையும், வாய்க்கால் ஈரமும், சந்தனமும் கலந்து, கல்யாண வீட்டின் பின்பக்கம் மாதிரி மணத்தது அந்த இடம்.

"பத்து மணிக்கு ஜெயந்தியம்மா பாக்க வராங்களே. இப்படி இருக்கறத பாத்தா இவன இட்டுனு போய்டுவாங்களா சார்?"

கேட்டவர் ஏழுமலை. பதிலுக்குக் காத்திருந்தவர் அவர் மனைவி செல்வி. கொட்டகைச் சுவரில் சாய்ந்து, சந்தனக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பதில் தெரியும். தெரிந்தும் சொல்லாததற்குக் காரணம் ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தாடிக்காரர்கள்

இந்தத் தொடரை விடாமல் படிக்கும் செங்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "மலையைப் பற்றி எழுதினீர்கள், மழையைப் பற்றி எழுதினீர்கள். உங்கள் கூட நடந்து வருகிற அந்த விநோதப் பிராணியைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?"

விநோதப் பிராணியின் பெயர் முகில். துரையின் கூடப்பிறந்தவன். வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் இருக்கிறான்.

ஏர்டேல் டெரியர் என்று ஓர் இனம். குளிர்தேசத்து நாய். முதுகில் கறுப்புக் கம்பளி போர்த்தியது போலவும், கால்கள் நாட்டு வெல்ல நிறத்திலும் இருக்கும். முடி சுருண்டு, தொட்டால் தேங்காய் நார். முகம் நீளமான செவ்வகம், அதன் கீழே ஒரு தாடி. தண்ணீர் குடித்தபின் முகில் அந்தத் தாடியை உதறித் தரையெல்லாம் சொட்டு வைப்பான்.

தாடி வைத்த எவரும் இந்த ஊரில் மரியாதைக்குரியவர். முதன்முதலாக நான் முகிலைக் கிரிவலப் பாதையில் கூட்டிப்போன காலையில், மரத்தடியில் உட்கார்ந்திருந்த காவிக்காரர் ஒருவர் தன் சாக்கைக் கொஞ்சம் நகர்த்தி, "வாங்க சாமி, உக்காருங்க" என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் உட்காரப் போனேன். "உங்கள இல்லீங்க" என்றார்.

நான் ஓரிடத்தில் உட்காராதவன். கவிதை எழுதும்போதும் நடப்பேன், ஒரு வரி கிடைத்தால் நின்று எழுதிக்கொள்வேன், மறுபடி நடப்பேன். சுமதி, என் மனைவி, கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவள், "வீட்ல ஒரு ஆள்னா உக்காரணும்" என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிறாள். கடைசியில் எனக்குக் கிடைத்த நாயும் உட்காராத நாயாகப் போயிற்று.

நாலு அடி

ஊருக்கு வெளியே ஒருவர் கொட்டகை போட்டு, சீமை நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்றுக்கொண்டிருந்தார். விற்பனை படுத்ததும் கொட்டகையைப் பூட்டாமலே போய்விட்டார். கூண்டுகளை மட்டும் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் தெரு ஒன்றின் கடைசியில் ஜெயந்தியம்மா வீடு. ஓய்வுபெற்ற நர்ஸ். கைவிடப்பட்ட நாய்கள் இருபதுக்குக் குறையாமல் அந்த வீட்டில் எப்போதும் இருக்கும். அவருக்குத் தகவல் போய், இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கூண்டுகளைத் திறந்தார். நாய்களை ஏற்றிக்கொண்டு வர ஸ்கூல் வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். அந்த வேனை ஓட்டியவர்தான் ஏழுமலை. காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, நடுவில் நிலம். அதுதான் அவர் நாள்.

வேன் ஓட்ட வந்தவர் ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். கடைசிக் கூண்டில் இரண்டு ஏர்டேல்கள் ஒன்றின் மேல் ஒன்று முகத்தை வைத்துக் கிடந்ததைப் பார்த்தவர், வீட்டுக்குப் போய்ச் செல்வியிடம், "தாடி வச்ச நாய் ஒண்ணு கீது, நம்ம ஊட்டுக்கு இட்டாந்துடட்டா?" என்று கேட்டிருக்கிறார். "நாய்க்கு ஏது தாடி, குடிச்சிருக்கியா?" என்று கேட்டிருக்கிறார் செல்வி. மறுநாள் நேரில் வந்து பார்த்துவிட்டு, "இது துரை மாதிரி இல்ல இருக்குது" என்றார். பெயர் அப்படி வந்தது.

இன்னொன்று எங்களுக்கு. இரண்டையும் ஒரே வீட்டில் வைக்க அன்றைக்கு யாருக்கும் இடமில்லை, தைரியமும் இல்லை. எங்களுக்கும்தான்.

முகில் வந்த முதல் மாதம் எனக்கு மறக்காது. கம்பி வலைமேல் ஐந்து வருஷம் நின்ற கால்கள். மண்ணில் விட்டால், சுடுவதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்குவான். கதவு என்றால் என்ன என்று தெரியாது. திறந்த கதவின் முன்னால் நின்று, யாராவது உள்ளே தள்ளட்டும் என்று காத்திருப்பான். நாங்கள் பார்க்காதபோதுதான் சாப்பிடுவான். தீபத்தன்று வெடிச் சத்தத்துக்குக் குளியலறை வாளிக்குப் பின்னால் போய் நின்றவன், அடுத்த நாள் மதியம் வரை வரவில்லை.

எங்கள் கூடம் பெரிது. அதில் அவன் நாலு அடி நடப்பான். திரும்புவான். நாலு அடி. திரும்புவான். ஐந்தாவது அடிக்கு இடம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, மின்விசிறிக் காற்றுகூட இருந்தது. அவன் காலில்தான் அந்தக் கூண்டின் அளவு இருந்தது.

நான் அந்தப் பக்கம் நடப்பேன். அவன் இந்தப் பக்கம் நடப்பான். சுமதி ஆபீசிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேர்ல யாரை யார் தத்தெடுத்ததுன்னே தெரியல" என்றாள்.

கீழ்பென்னாத்தூரில் துரைக்கு வேறு வைத்தியம் நடந்தது. அதை வைத்தியம் என்று அவர்கள் நினைக்கவில்லை. களை எடுக்கப் போகும்போது செல்வி அவன் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்வார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களைக்கொத்தியால் ஒரு கை அகலம் கொத்தி, ஒரு கை தூரம் நகர்வார். துரையும் அவ்வளவு நகர வேண்டும். நாலு அடி போனதும் அவன் திரும்பப் பார்ப்பான், கயிறு இழுக்கும், செல்வி எதிர்த் திசையில் நகர்ந்துகொண்டிருப்பார். சால் வரிசை முடிகிறபோது நாய் நூறு அடி நேராக நடந்திருக்கும். களை எடுத்து முடிக்கிறதற்குள் கயிறு தேவைப்படாமல் போயிற்று.

மாதம் ஒருமுறை முகிலை என் பழைய காரின் பின்சீட்டில் ஏற்றிக் கீழ்பென்னாத்தூர் கொண்டுபோவேன். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு ஓடும். முகில் அங்கே ஓடுவான். திரும்பி வேங்கிக்கால் வந்ததும் கேட்டின் அருகே படுத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட மாட்டான்.

அந்த இரண்டு நாட்களில்தான் எனக்குள் அந்த ஆசை முளைத்தது. துரையும் எங்களிடமே வந்துவிட்டால் என்ன? சுமதியிடம் சொன்னேன். "கேட்டுப் பாரேன்" என்றாள். கேட்க வாய் வரவில்லை. ஆனால் ஆசை போகவில்லை. கால் செருப்புக்குள் விழுந்த சிறு கல் மாதிரி, நடக்கும்போதெல்லாம் கூடவே வந்தது.

வேண்டிக்கொண்டவர் ஒருவர், முடி இன்னொருவருடையது

பங்குனியில் துரைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஈறு வெளுத்து, நாக்கு வெளுத்து, நாலு நாள் தலையைத் தூக்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்கு வேனில் தூக்கிக்கொண்டு போய் வந்தார் ஏழுமலை. ஸ்கூல் பிள்ளைகள் இறங்கிய சீட்டில் துரை, கம்பியில் குளுக்கோஸ் பாட்டில்.

ஐந்தாம் நாள் செல்வி பச்சையம்மன் கோயிலுக்குப் போனார். "இவன் எழுந்துட்டா முடி எறக்கறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டார். ஒரு வார மாத்திரையிலோ, ஊசியிலோ, தாயாலோ, துரை எழுந்தான்.

இனிமேல்தான் சிக்கல். யாருடைய முடி என்று செல்வி அம்மனிடம் சொல்லவில்லை.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் வேண்டிக்கொள்பவர் ஒருவராகவும், முடி கொடுப்பவர் இன்னொருவராகவும் இருப்பது சகஜம். எனக்கு வேலை கிடைத்தால் மொட்டை என்று என் அம்மா வேண்டிக்கொண்டதை, வேலை கிடைத்து மூன்று வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் என்னிடம் சொன்னாள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் தலை, பட்டுச் சட்டைக்கு மேல் வைத்த எலுமிச்சம்பழம். சுமதியின் மாமா ஒருவர் இன்றைக்கும் என்னை எங்கே பார்த்தாலும் முதலில் தலையைத்தான் பார்ப்பார்.

ஏழுமலை தன் தலையைக் கொடுக்க முன்வந்தார். "உந்தலையில இன்னா கீது, சாமிக்குக் குடுக்க?" என்று கேட்டுவிட்டார் செல்வி. ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையிலிருக்கும் மகன், போனிலேயே, "ஆளை விடும்மா" என்று சொல்லிவிட்டான். செல்வியின் தலைமுடி ஏற்கெனவே அந்த மகனின் கல்யாணத்துக்காகத் திருப்பதிக்குச் சொல்லி வைத்தது. அதை வேறு சாமிக்குத் திருப்பிவிட முடியாது.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது அவருடைய நாத்தனார். "யாருக்கு உசுரு குடுத்தாளோ, அவன் முடியத்தான் அவளுக்குக் குடுக்கணும்."

யோசித்துப் பார்த்தால் இதைவிட நேர்மையான தீர்ப்பு இருக்க முடியாது.

முடி வெட்டுபவரை வயலுக்கே வரவழைத்திருக்கிறார்கள். மெஷினைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "தலைன்னா எதுவரைக்கும்?" தலை தாடியில் முடிகிறது. தாடி கழுத்தில் இறங்குகிறது. கழுத்து முதுகில் போகிறது. எங்கே நிறுத்தினாலும் அம்மனுக்குக் குறை வைத்தது போல இருந்திருக்கிறது. வால் வரை போய்விட்டார்கள்.

"ஆடாம அசையாம உக்காந்தான் சார்," என்றார் ஏழுமலை. "எம்பையன்கூட அப்படி உக்காந்ததில்ல."

இது நடந்து நாலு நாள். இரண்டாம் நாளே வெயிலில் முதுகு சிவந்து, அங்கங்கே தோல் கொப்பளிக்கத் தொடங்கியது. சந்தனம் குளிர்ச்சி என்று அரைத்து அரைத்துப் பூசியிருக்கிறார்கள். மாலை மட்டும் அன்று காலை போட்டது. "மேடம் வராங்களேன்னு" என்றார் செல்வி.

நான் விட்ட பத்தி

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும்.

தத்துக் கொடுக்கும்போது ஜெயந்தியம்மா ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுப்பார். நாயை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒன்பது பத்தி. ஏழுமலைக்காக அதைத் தமிழில் எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார். ஆசிரமம் பக்கத்து விடுதிகளுக்கு அறிவிப்புகள் எழுதித் தருவதும் மொழிபெயர்ப்பதும்தான் என் பிழைப்பு. ஏழுமலை நல்லவர் என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

ஆறாவது பத்தி முடியைப் பற்றியது. இந்த இனத்தின் முடியை மெஷின் வைத்து வெட்டவோ மழிக்கவோ கூடாது. உதிரும் பருவத்துக்கு வந்த பழுத்த முடியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். வெயிலுக்கும் அந்த முடிதான் குடை. படித்தேன். வயல்காட்டுக்குப் போகிற நாய்க்கு முடி அலங்காரம் எதற்கு என்று தோன்றியது. அந்தப் பத்தி இல்லாமல் தாள் கச்சிதமாக, ஒரே மூச்சில் படிக்கிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

ஒரு நல்ல வரிக்காக ஒன்பது வரிகளை அடிக்கிறவன் நான். அது வேறு தாள், இது வேறு தாள் என்று கைக்குத் தெரியவில்லை.

அன்று காலை துரையை மொட்டையாகப் பார்த்த நொடியில் எனக்கு ஆறாவது பத்தி ஞாபகம் வந்தது. அதற்கு அடுத்த நொடியில், 'இவனை இங்கிருந்து எடுத்தால் ஜெயந்தியம்மா யாரிடம் கொடுப்பார்?' என்று தோன்றியது. உள்ளே சின்னதாக ஒரு சந்தோஷம் அசைந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

முகிலைக் காரிலிருந்து இறக்கினேன். அண்ணனைத் தெரியவில்லை அவனுக்கு. உறுமினான். சுற்றி வந்தான். சந்தனத்தை முகர்ந்து மூன்று தும்மல் போட்டான். துரை அசையவில்லை, நின்ற இடத்திலேயே நின்று, தன் மோவாயை முகிலின் முதுகில் வைத்தான். கூண்டில் அப்படித்தான் கிடந்தார்களாம். உறுமல் நின்றது. அப்புறம் முகில் அவன் காது மடலிலிருந்த சந்தனத்தைப் பொறுமையாக நக்கி எடுக்க ஆரம்பித்தான்.

பத்து மணி

ஜெயந்தியம்மா ஸ்கூட்டரில் வந்தார். வண்டியை நிறுத்தினார். பார்த்தார். வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வந்து துரையின் பக்கத்தில் குந்தினார். மாலையைக் கழற்றினார். ஈறு, கண், காதுக்குள், நகம், விரலிடுக்கு. கடைசியில் முதுகு. சந்தனத்தை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அடியில் தோல் செம்பருத்தி நிறம்.

"யார் செஞ்ச வேலை இது?"

"சாமிக்கு வேண்டிக்கினோம்மா," என்றார் செல்வி.

"சாமி கேட்டுச்சா, நாய் முடி வேணும்னு?"

"சாமி ஒண்ணும் கேக்கலம்மா. நான்தான் தரேன்னேன்."

"முடிய வெட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன் இல்ல? படிக்கல?"

ஏழுமலை வீட்டை நோக்கி ஓடினார். திரும்பி வந்தபோது கையில் நான் எழுதிய தாள். அதை லேமினேஷன் செய்து, ஓட்டை போட்டு, ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். ஓட்டையைச் சுற்றி ஆணித் துரு.

"சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கோம்மா," என்றார். "இவளுக்கு மனப்பாடம். ஒண்ணு விடாம செய்யறோம். ஆனா முடியப் பத்தி இதுல இல்லீங்களே."

"இருக்கு. ஆறாவது பத்தி. நான் கண்ணாடி எடுத்தாரல." ஜெயந்தியம்மா தாளை என்னிடம் நீட்டினார். "நீங்கதானே சார் எழுதினீங்க? பாத்துச் சொல்லுங்க."

வாங்கினேன். பிளாஸ்டிக்கில் வெயில் பட்டுக் கண் கூசியது. படிப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் எழுத்து எனக்கே அழகாக இருந்தது.

ஜெயந்தியம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. "எழுதியிருக்கோ இல்லியோ, இந்தத் தோலோட இவன் வயக்காட்டுல இருக்க முடியாது. அக்கினி நட்சத்திரம் வேற வருது. சார் வீட்ல நெழல் ஜாஸ்தி. கூடப்பொறந்தவனும் இருக்கான். அங்க விட்டுடறேன். ஒண்ணாவே இருக்கட்டும் ரெண்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கெட்ட எண்ணத்துல செய்யலன்னு தெரியும் செல்வி. அதுக்காக விட்டுட்டுப் போக முடியாது" என்றார்.

ஏழுமலை கீழே பார்த்தார். செல்வி கொட்டகைக்குள் போனார்.

அழப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு அலுமினியத் தட்டும், நாலாய் மடித்த நைலக்ஸ் புடவையும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டையும் என் கையில் வைத்தார்.

"சார், களி ஆறினாத்தான் துன்னுவான். சூடா வச்சா தட்டையே மொறச்சுப் பாத்துனு நிப்பான். மோர் கம்மியா ஊத்துங்க. படுக்கறதுக்கு இந்தப் பொடவதான், வேற போட்டா காலால தள்ளிடுவான். உங்க ஊட்ல மோட்டார் ஓடற சத்தம் கேக்குமா?"

"டேங்க்குக்கு ஏத்துவோம். காலைல."

"அது போதும். மோட்டார் போட்டா எழுந்திருப்பான். இல்லன்னா படுத்தே கெடப்பான், ஒடம்பு சரியில்லன்னு பயந்துடப் போறீங்க."

புடவை மெத்தென்று, துவைத்த வாசனையோடு இருந்தது. அதிலும் கறுப்பு முடி ரெண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஆசைப்பட்டது என் கைக்கு வந்திருந்தது. வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடக்க வேண்டியதுதான் பாக்கி.

கொட்டகைக்கு அந்தப் பக்கம் கடலை பிடுங்கிய வயல் வெறிச்சென்று கிடந்தது. இரண்டு நாயும் அதில் இறங்கியிருந்தன. துரை முன்னால், வரப்பு வரைக்கும், ஒரே கோடாய்ப் போனான். முகில் அவனுக்குப் பின்னால் போனான். எண்ணவில்லை நான். எண்ண முடியாத தூரம்.

"ஜெயந்தியம்மா," என்றேன். "இதுல ஆறாவது பத்தி இல்ல."

"இன்னா?"

"நான் எழுதல. தேவையில்லன்னு நெனச்சு விட்டுட்டேன். இவங்க மேல தப்பு இல்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வை, ஊசி போடுகிற இடத்தைத் தேடுகிற பார்வை.

"விட்டுட்டீங்க."

"ஆமா."

"கவிதையில அடிக்கற மாதிரி அடிச்சிட்டீங்க."

தாளை ஏழுமலையிடம் நீட்டினேன்.

"அப்ப இவ்ளோ நேரம் தாளை வச்சுனு இன்னா படிச்சுனு இருந்தீங்க?"

மனதில் இருந்ததைச் சொல்லும் தைரியம் அந்தக் கணத்தில் பாதிதான் இருந்தது. மீதியை இப்போது இங்கே எழுதுகிறேன்.

"நியாயமா பாத்தா," என்றார் ஜெயந்தியம்மா, "உங்க கிட்டேருந்து முகிலை நான் எடுத்துனு போகணும்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. முகில் இல்லாத கூடத்தை நினைத்துப் பார்க்க அந்தக் கொஞ்ச நேரம் போதுமானதாக இருந்தது. அலுமினியத் தட்டின் விளிம்பு என் உள்ளங்கையில் பதிந்திருந்தது. செல்வி அதை எப்படிக் கொடுத்தார் என்று தெரியவில்லை.

ஜெயந்தியம்மா வயலைப் பார்த்தார். துரை வரப்பில் நின்று எதையோ முகர்ந்துவிட்டு, திரும்பி, அதே கோட்டில் வந்துகொண்டிருந்தான். நேராகச் செல்வியிடம் வந்தான். அவர் முழங்காலில் தன் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"ஒம்போது மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் வெளிய வரக் கூடாது," என்றார் ஜெயந்தியம்மா. செல்வியைப் பார்க்காமல், துரையிடம் சொல்வது போல. "முடி வளர்ற வரைக்கும். வெள்ளைப் பனியன் ஒண்ணு போட்டு விடு. சந்தனம் வேணாம், தேங்காண்ணெ மட்டும். நான் வாராவாரம் வருவேன், சொல்லாம வருவேன். ஒருநாள் வெயில்ல பாத்தேன், அன்னிக்கே தூக்கினு போய்டுவேன்."

"சரிம்மா," என்றார் செல்வி.

ஏழுமலை சட்டையைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கை பனியனை அப்போதே கழற்ற ஆரம்பித்தார். "தொவச்சது போடுய்யா," என்றார் செல்வி.

"சார்," என்றார் ஜெயந்தியம்மா. "அந்தப் பத்திய இப்ப எழுதுங்க. என் எதுர்ல."

வேனிலிருந்து ஒரு பேனாவும் வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளும் வந்தன. கார் பானட்மேல் வைத்து எழுதினேன். நடக்காமல் எழுதினேன். 'முடியை வெட்டக் கூடாது. மழிக்கக் கூடாது. பழுத்த முடியை விரலால் மட்டும் எடுக்க வேண்டும்.' படித்துக் காட்டினேன்.

"சாமிக்கும் கூடாதுன்னு சேத்துக்குங்க."

சேர்த்தேன்.

செல்வி வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "அம்மனுக்குக் குடுத்தது குடுத்ததுதான் சார். அத ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

கிளம்பும்போது முகிலைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் வந்தார்கள். கார்க் கதவைத் திறந்ததும் முகில் ஏறினான்; துரையும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி சீட்டில் வைத்தான். அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்தேன். மழித்த கழுத்து வெதுவெதுப்பாக, புதுத் தளிர் போல மொசமொசவென்று இருந்தது. அப்படியே உள்ளே தள்ளியிருந்தால் ஏறியிருப்பான்.

கீழே இறக்கினேன். பட்டையைச் செல்வியின் கையில் கொடுத்தேன். தட்டையும் புடவையையும் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி முகிலின் தாடியைப் பிடித்து ஆட்டினார்.

"போய்ட்டு வா தம்பி. உங்கண்ணன் இங்கதான் இருப்பான்."